கேட்காமல் நடப்பது

மான்செஸ்டரிலிருந்து ஈடேல் ரயிலில் முக்கால் மணி நேரம்தான். அந்த முக்கால் மணி நேரப் பயணத்தைப் போக எங்களுக்கு நான்கு வருஷம் ஆனது. ஒருத்தருக்கு லீவு கிடைத்தால் மற்றவருக்குக் கிடைக்காது. அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். நைட் ஷிஃப்ட், வீக்கெண்ட் ஷிஃப்ட் என்று வாரம் கலைந்துகிடக்கும். என் வேலை லேப்டாப்பில். அது முடிவதே இல்லை. போன ஏப்ரல் கடைசி வாரத்தில் ஐந்து நாள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் அமைந்தது. ஊருக்குப் போய்வர அது பத்தாது. "எங்கயாவது கிராமத்துல போய் சும்மா இருக்கலாம்" என்றேன்.

"சும்மான்னா? அஞ்சு நாளும் என்ன பண்றது?" என்றான்.

சின்லி ஸ்டேஷனைத் தாண்டியதும் கவ்பர்ன் சுரங்கம் வருகிறது. இரண்டு மைலுக்கும் மேல் இருட்டு. ஜன்னலில் நம் முகம்தான் தெரியும். பேச்சு தானாக நின்றுவிடும். வெளியே வந்ததும் சட்டென்று ஒரு பச்சைப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை. சரிவெல்லாம் கோடு போட்டாற்போல் கல்சுவர்கள். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல் மேல் கல்லாக அடுக்கியவை. அவற்றுக்கு நடுவே ஆடுகளும் குட்டிகளும். அவன் எழுந்து நின்று பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான், யாரோ அவனிடம் கருத்துக் கேட்ட மாதிரி.

நாங்கள் எடுத்திருந்தது ஒரு பழைய கல் வீட்டின் பின்கட்டு. ஓர் அறை, சின்ன சமையலறை, பின்னால் ஓடை. முதல் நாள் சாயங்காலம் எட்டரை வரை வெளிச்சம் இருந்தது. பனிக்காலம் முழுக்க நாலு மணிக்கே இருட்டிப் பழகியவர்களுக்கு அந்த வெளிச்சம் கூலி உயர்வு மாதிரி. ரசம் வைத்துச் சாப்பிட்டோம். மரத்தடிகளில் காட்டுப்பூண்டு பரவிக்கிடந்தது. கால் பட்டாலே யாரோ அம்மியில் பூண்டு தட்டின மாதிரி வாசனை. முட்செடிகளில் இலை வருமுன்பே வெள்ளைப் பூ. காட்டுக்குள் ப்ளூபெல் அப்போதுதான் நிறம் காட்ட ஆரம்பித்திருந்தது. ஆட்டுக்குட்டிகளின் விலாவில் ஸ்ப்ரே பெயிண்டில் ஓர் எண், தாயின் விலாவிலும் அதே எண். எது எதனுடைய குட்டி என்று தெரிய. 27ஆம் நம்பர் ஆட்டுக்கு இரண்டு குட்டிகள். இரண்டும் ஒரே சமயத்தில் முட்டிப் பால் குடித்ததில் தாயின் பின்னங்கால் தரையை விட்டு எழும்பியது. நான் அரை மணி நேரம் சுவரில் சாய்ந்து பார்த்தேன். அவன் ஐந்தாவது நிமிஷத்தில், "போலாமா? ஆட்டுக்காரர் வந்துடப் போறார்" என்றான்.

அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

*

இங்கிலாந்து கிராமங்களில் நடப்பதற்கென்று ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. மரக்கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொதுப்பாதை. அந்த அம்புக்குறி தனியார் வயலுக்குள் போகும், மேய்ச்சல் நிலத்துக்குள் போகும், சில இடங்களில் ஒருவர் வீட்டு வாசல் வழியாகவே போகும். நிலம் அவருடையது, பாதை எல்லாருடையது. விவசாயி அந்த வயலை உழலாம், ஆனால் உழுத பதினான்கு நாளுக்குள் பாதையை மறுபடி நடக்கிற மாதிரி ஆக்கித்தர வேண்டும். சுவரைத் தாண்டப் படிக்கல்லோ, ஆள் மட்டும் நுழைந்து ஆடு நுழைய முடியாத கேட்டோ இருக்கும். அதைச் சரியாக வைத்திருப்பதும் நிலத்துக்காரர் பொறுப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிச் சுமார் 1,40,000 மைல் பாதைகள்.

இரண்டாம் நாள் காலை அப்படி ஒரு பாதையில் போனோம். மூன்று வயல் தாண்டியதும் மஞ்சள் அம்பு நேராக ஒரு பண்ணை வீட்டின் முற்றத்துக்குள் காட்டியது. இடது பக்கம் தொழுவம், வலது பக்கம் வீடு. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ரேடியோ ஓடுகிற சத்தம். முற்றத்தில் கொடியில் துணி காய்ந்தது. நான் கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டேன். அவன் வெளியிலேயே நின்றான்.

"வா."

"கேட்டுட்டுப் போலாம்."

"யார்கிட்ட? என்னத்த கேக்கறது? அம்பு போட்டிருக்கு பாரு."

"வீட்டு வாசலுங்க அது. துணியெல்லாம் காயுது."

"பொதுவழிடா. சட்டப்படி வழி."

"நீ போ. நான் ரோட்டுல சுத்தி வரேன்."

சுற்றி என்றால் ஒன்றரை மைல். விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் நிஜமாகவே திரும்பி நடந்தான். எனக்குக் கோபம் வந்தது. நான் முற்றத்தைக் கடந்து, அடுத்த கேட்டைத் தாண்டி, மறுபக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். முற்றத்தைக் கடக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. வியர்த்திருந்தான். வந்தவன் ஒன்றும் நடக்காத மாதிரி தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தான். மத்தியானம் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தலைக்கு மேல் ஒரு லாப்விங் கத்திக்கொண்டே வட்டமடித்தது. நம்மூர் ஆள்காட்டிக் குருவிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தலையில் கொண்டை மட்டும் கூடுதல். ஆள் வந்தால் அதுவும் ஊரைக் கூட்டும்.

நான் எனக்குள் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். வெள்ளைக்காரக் கிராமத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பழுப்பு நிறம். பப்புக்குள் நுழைந்தால் எல்லாத் தலையும் ஒரு தடவை திரும்பிவிட்டுத்தான் பியருக்குப் போகும். அந்தக் கூச்சம் எனக்கும் உண்டு. அதுதான் போலிருக்கிறது என்று சமாதானமாகிச் சாயங்காலம் அவனிடமே கேட்டேன்.

"நம்ம கலர்தான் பிரச்சினையா?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். "இல்ல. இது பழசு" என்றான்.

*

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். இருவரும் ஒரே மாவட்டம், விழுப்புரம். அவன் ஊருக்கும் என் ஆயா ஊருக்கும் நடுவில் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. நான் ஊர்த்தெரு. அவன் காலனி. ரிஜிஸ்டர் கல்யாணம். இரண்டு வருஷம் கழித்து எங்கள் வீட்டில் "ஏற்றுக்கொண்டார்கள்". அதாவது அப்பாவும் அம்மாவும் எங்கள் சென்னை வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். சாதியைப் பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம், புத்தகம் படித்திருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம். எல்லாம் பேசி முடித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அவன் சொன்னது எதையும் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அவனுடைய தாத்தா ஊர்த்தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அது எல்லாருக்கும் தெரிந்த கதை, அப்படிப்பட்ட கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். அவன் சொல்லவந்தது அப்பாவைப் பற்றி. அப்பா போஸ்ட் ஆபீஸ் வேலையில் இருந்தவர். செருப்பு போட்டுத்தான் போவார். ஆனால் சைக்கிளில் இவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வரும்போது ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார். "எறங்குடா." இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடப்பார்கள். அந்த முனையில் மறுபடி ஏறிக்கொள்வார்கள்.

"யாராவது ஏதாவது சொல்வாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. சொல்ல வேண்டியே வரலையே."

இவன் ஸ்கூல் போகும் வயதில் அதுவும் மாறிவிட்டது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகலாம். அப்படியும் இவனும் கூட்டாளிகளும் ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள். பத்து நிமிஷம் கூடுதல். "சுத்தறது சுகமா இருந்துச்சு. அந்தத் தெருவுல நடந்தா நம்ம முதுகு நமக்கே தெரியும். வெயிட் போட்ட மாதிரி இருக்கும். அதான் இங்கயும். அந்த ஜன்னலு, துணி காயறது, யாரோ உள்ள இருக்கறது. எனக்கும் தெரியுது இது வேற ஊருன்னு. காலுக்குத் தெரியல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

லீவுக்கு ஆயா வீட்டுக்குப் போவேன். ஏழெட்டு வயது. திண்ணையில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. சாயங்காலமானால் ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, வரிசையாக. "ஆயா, ஏன் எல்லார் சைக்கிளும் பஞ்சராகுது?" என்று கேட்டேன். ஆயா சிரித்தாள். உள்ளே இருந்த மாமாவைக் கூப்பிட்டு நான் கேட்டதைச் சொன்னாள். அவரும் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டேன் என்று. அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்தத் தெருவில் ஆணி கிடக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

இதை அவனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். பின்னால் ஓடை சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

*

அந்த வீட்டு அலமாரியில் முன்னால் தங்கியவர்கள் விட்டுப்போன மேப்புகள், பறவைப் புத்தகம், பாதைகளைப் பற்றிய ஒரு பழைய கையேடு எல்லாம் இருந்தன. மூன்றாம் நாள் ஆலங்கட்டி மழை. பத்து நிமிஷம் மழை, பத்து நிமிஷம் வெயில், மறுபடி ஆலங்கட்டி. வெளியே போக முடியவில்லை. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து குட்டிகள் சுவரோரம் ஒண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையேட்டைப் புரட்டினேன்.

அதில் ஒரு பாதை எப்படிப் பொதுப்பாதை ஆகிறது என்று இருந்தது. அரசு போட்டால்தான் என்றில்லை. ஒரு நிலத்தின் வழியே ஜனங்கள் இருபது வருஷம் தடையில்லாமல் நடந்திருந்தால், அதைப் பொதுவழியாகக் கொடுத்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நிலத்துக்காரர் தனக்கு அப்படி எண்ணம் இல்லை என்று காட்டியிருந்தால் மட்டும் ஆகாது. 1980ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்தில் இது இருக்கிறது. ஆனால் அந்த நடை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்கு மூன்று நிபந்தனைகள். ரோமானியர் காலத்திலிருந்து வருபவை. பலவந்தமாக நடந்திருக்கக் கூடாது. ஒளிந்து நடந்திருக்கக் கூடாது. அனுமதி வாங்கி நடந்திருக்கக் கூடாது.

மூன்றாவதைச் சத்தமாகப் படித்தேன். அவன் திரும்பினான்.

"இன்னொரு தடவ படி."

"அனுமதி வாங்கி நடந்தா அது உரிமை ஆகாது. அவர் விட்டதால நடந்தே, அவ்ளோதான். நாளைக்கு வேணாம்னு சொல்லிடலாம். கேக்காம, வழி நம்மளோடதுங்கற மாதிரி நடந்தாத்தான் கணக்கு."

"அப்ப எங்க தாத்தா செருப்பக் கையில எடுத்தது?"

"அது..."

"நூறு வருஷம் நடந்திருந்தாலும் செல்லாது" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

நாங்கள் தங்கியிருந்த பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் மலை கிண்டர் ஸ்கௌட். அதன் கதையும் அந்தக் கையேட்டில் இருந்தது. மலை மேல் முழுக்கக் கௌதாரி இனப் பறவைகளை வேட்டையாடப் பிரபுக்கள் வைத்திருந்த தரிசு. வருஷத்தில் கொஞ்ச நாள் வேட்டை, மற்ற நாளெல்லாம் காவல்காரர்கள். மான்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் ஆலைப் புகையில் ஆறு நாள் வேலை பார்த்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏற ஒரு மலை கண்ணெதிரே இருந்தது, கால் வைக்க முடியாது. 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிறு. பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர் தலைமையில் ஹேஃபீல்டிலிருந்து சுமார் நானூறு பேர் கிளம்பி மலை ஏறினார்கள். காவல்காரர்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்கு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951இல் இந்த மலைப்பகுதிதான் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2002இல், எழுபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில், அந்த நிலத்தை வைத்திருந்த பிரபுவின் பேரன் மேடையேறித் தன் தாத்தா செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

"1932ஆ?" என்றான். "வைக்கம் 1924. இவங்க எட்டு வருஷம் லேட்டு."

வைக்கத்தில் கேட்டது கோயிலுக்குள் போக இல்லை, கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்க. அதற்குப் பெரியார் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனார். இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது என்று எனக்கும் தெரியும். கிண்டரில் தடுத்த காவல்காரன், வந்தவனுடைய அப்பா பேரைக் கேட்டுவிட்டுத் தடுக்கவில்லை. எல்லாரையும் தடுத்தான். ராத்மன் கீழே இறங்கி மான்செஸ்டர் தெருவில் நடக்கலாம். மலைதான் மூடியிருந்தது, தெரு இல்லை.

பேரன் மன்னிப்புக் கேட்ட இடத்தில் நான் புத்தகத்தை மூடினேன். பிறகு பஞ்சர் கதையைச் சொன்னேன். திண்ணை, ஆயா சிரித்தது, மாமா சிரித்தது, ஆணி கிடப்பதாக நினைத்தது, எல்லாம்.

அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "பஞ்சரா?" என்றான். சிரிக்க ஆரம்பித்தான். அவனால் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு நான் சிரிப்பை நிறுத்தினேன், அவன் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். ஆலங்கட்டி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் டீ போட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. எழுபது வருஷம் கழித்து மேடையில் சொல்ல அது வசதியான வார்த்தை. சமையலறையில் நின்றுகொண்டு சொல்ல வரவில்லை.

*

நான்காம் நாள் வானம் வெளுத்தது. மலை ஏறினோம். ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி 268 மைல் போகும் பென்னைன் வே என்ற நடைபாதையின் முதல் சில மைல்கள். அந்தப் பாதையின் சேற்றுப் பகுதிகளில் பெரிய கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் பல, இடித்துப்போட்ட பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்கள். ஆறு நாளும் நின்று வேலை பார்த்த தரை இப்போது மலைமேல் கிடக்கிறது. மேலே மரமே இல்லை. கறுத்த பஞ்சு போன்ற மண், அதை அறுத்துக்கொண்டு ஓடும் வாய்க்கால்கள், காற்று செதுக்கின பாறைகள். மேற்கு விளிம்புக்குப் போனால் தூரத்தில் மான்செஸ்டரின் உயரக் கட்டடங்கள் தீக்குச்சி மாதிரி. "ஆஸ்பத்திரி தெரியுதா பாரு, இன்னிக்கி நைட் ஷிஃப்ட் யாருன்னு கேப்போம்" என்றான். அவன் வேலையைப் பற்றிக் கிண்டலாகப் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

கடைசி நாள் ரயில் மத்தியானம்தான். காலையில் அவனாகவே, "அந்தப் பண்ணை வழியா ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்றான். நான் மறுபேச்சு பேசவில்லை.

அன்றைக்கு முற்றத்தில் ஆள் இருந்தார். அறுபது வயசிருக்கும். தாயில்லாத குட்டி ஒன்றுக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் அதே ரேடியோ. அவன் கேட்டில் கை வைத்தான். ஒரு கணம் நின்றான். அவன் உதடு அசையப்போவது எனக்குத் தெரிந்தது, 'எக்ஸ்க்யூஸ் மீ' என்று ஆரம்பிக்கும் அந்த அசைவு. ஆரம்பிக்கவில்லை. கேட்டைத் திறந்தான், உள்ளே போனான். பெரியவர் நிமிர்ந்தார்.

"மார்னிங்" என்றார். "கேட்டைச் சாத்திட்டுப் போங்க, குட்டிங்க ஓடிடும்."

"மார்னிங்" என்றான் அவன். திரும்பி வந்து கேட்டைச் சாத்தினான். கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. பெரியவர் குட்டியிடம் திரும்பிவிட்டார். எங்களுக்காக அவர் செலவழித்தது அவ்வளவுதான்.

முற்றத்தின் நடுவில் அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவிழ்ந்திருக்கவில்லை. அவிழ்த்துக் கட்டினான், நிதானமாக, முதலில் ஒரு கால், பிறகு இன்னொரு கால். நான் அடுத்த கேட்டில் காத்துக்கொண்டு நின்றேன்.

மறுபக்கம் அன்று நான் மட்டும் உட்கார்ந்திருந்த கல்லில் இருவரும் உட்கார்ந்தோம். இடம் போதவில்லை, நெருக்கிக்கொண்டோம். 27ஆம் நம்பரின் குட்டிகள் ஐந்து நாளில் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. வெயில் முதுகில் இதமாக விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. போலாமா என்று அவன் கேட்கவில்லை.

ஆயா வீட்டுக்கு எங்களை யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை. நானும் போகலாம் என்று சொன்னதில்லை. அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"உங்க ஆயா வீட்டுத் தெரு எவ்ளோ நீளம் இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். முனையில் வேப்பமரம், அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில்.

"நூறு, நூத்தம்பது மீட்டர் இருக்கும்."

"அவ்ளோதானா" என்றான்.